நொய்யல் ஆறும் அதன் வடிநிலமும்

கோயம்புத்தூருக்கு மேற்கே வானத்தை மறித்து நிற்கும் வெள்ளியங்கிரி மலைத்தொடரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆடி மாதத்தில் ஒரு நாள் அந்த மலைத்தொடரின் முகட்டில் மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று துளிகளை மட்டும் நாம் பின்தொடர்வோம்.

முதல் துளி முகட்டின் கிழக்குச் சரிவில் விழுகிறது. அது ஓடைகளில் இறங்கி, நொய்யலாகி, கோவை, திருப்பூர் வழியே ஓடிக் கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்னும் ஊரருகே காவிரியில் கலக்கிறது. இரண்டாவது துளி முகட்டின் மறுபக்கம் விழுகிறது. அது சிறுவாணி ஆற்றில் சேர்ந்து, அட்டப்பாடிப் பள்ளத்தாக்கில் பவானியை அடைந்து, மலையை வடக்கே சுற்றிக்கொண்டு பவானி நகரில் காவிரியைச் சேர்கிறது. மூன்றாவது துளி சற்றுத் தெற்கே, பாலக்காட்டை நோக்கிய சரிவில் விழுகிறது. அதன் வழியே வேறு. மலம்புழை, வாளையாறு போன்ற ஆறுகள் அதைப் பாரதப்புழையில் சேர்க்க, அது பொன்னானியில் அரபிக் கடலில் கலந்துவிடும்.

முதல் இரண்டு துளிகளும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பிரிந்து நடந்தும் காவிரியில் மறுபடி சந்திக்க வாய்ப்புண்டு. மூன்றாவது துளியை அவை வங்கக் கடலிலிருந்து திரும்பிப் பார்க்கவே முடியாது! ஒரே மேகத்தில் பிறந்த துளிகளை இவ்வாறு பிரித்து அனுப்பும் முகட்டுக்கு 'நீர்பிரி முகடு' என்று பெயர். ஓர் ஆற்றைச் சுற்றியுள்ள நீர்பிரி முகடுகளையெல்லாம் கோட்டால் இணைத்தால், அக்கோட்டுக்குள் அடங்கும் நிலம் முழுவதும் அந்த ஆற்றின் வடிநிலம் ஆகும். உங்கள் தேசப்படத்தில் நீலக் கோடாகத் தெரிவது ஆற்றின் ஒரு சிறு பகுதியே. அந்தக் கோட்டுக்கு நீர் கொடுப்பது வடிநிலம்.

மேட்டூரோடு ஒரு கணக்கு

நொய்யலின் நீளம் ஏறக்குறைய 180 கிலோமீட்டர். அதன் வடிநிலப் பரப்பு சுமார் 3,500 சதுர கிலோமீட்டர். இந்த நிலத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 600 மில்லிமீட்டர் மழை பெய்வதாகக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 கன மீட்டர் நீர் கிடைக்கும். (ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர்.) அப்படியானால் 3,500 சதுர கிலோமீட்டரில் 600 மில்லிமீட்டர் மழைக்கு 210 கோடி கன மீட்டர் ஆகிறது. செய்தித்தாள்களில் வரும் டி.எம்.சி. அளவில், அதாவது நூறு கோடி கன அடிகளில் சொன்னால், இது சுமார் 74. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஆகவே ஓராண்டில் நொய்யல் வடிநிலத்தின் மீது விழும் மழை, மேட்டூர் அணையில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பப் போதுமானது.

ஆனால் சித்திரை மாதத்தில் ஆலாந்துறைப் பக்கம் சென்று ஆற்றைப் பாருங்கள். கல்லும் மணலும்தான் கிடக்கும். அவ்வளவு நீரும் எங்கே போயிற்று? நொய்யலைப் பற்றி அறிய வேண்டிய பெரும்பாலான செய்திகள் இந்த ஒரு கேள்விக்கான விடையில் அடங்கியிருக்கின்றன.

மழை மறைவில் ஓர் ஊர்

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்பதால் காற்று மேலே ஏறியாக வேண்டும். ஏறும் காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது, குளிர்ந்ததும் அதிலுள்ள நீராவி மழையாகக் கொட்டுகிறது. முகட்டைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அதே காற்று அமுங்கிச் சூடேறுகிறது. சூடான காற்று மழையைத் தருவதில்லை. நிலத்திலுள்ள ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. இதனால் சிறுவாணி மலைப்பகுதியில் பெய்யும் மழை கோவை நகரில் பெய்வதைப்போலப் பல மடங்காக இருக்கிறது. நகரம் ஆண்டுக்குப் பெறுவது 600 முதல் 700 மில்லிமீட்டர் வரைதான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையால் கிடைக்கிறது.

கோவைக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மலைத்தொடர் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு அறுபட்டிருக்கிறது. இதுவே பாலக்காட்டுக் கணவாய். இங்கே காற்று மேலே ஏற வேண்டிய கட்டாயம் இல்லை. நேராக உள்ளே நுழைந்துவிடும். அதனால்தான் ஆடி மாதத்தில் பல்லடம், உடுமலை வட்டாரத்தில் ஆளைத் தள்ளும் காற்று வீசுகிறது, மழை மட்டும் வருவதில்லை. இன்று அங்கே வரிசையாகச் சுழலும் காற்றாலைகள் இந்தக் கணவாயின் பரிசு. ஆனால் அந்தக் காற்றே குளத்து நீரையும் குடிக்கிறது. இவ்வட்டாரத்தில் திறந்த தொட்டி ஒன்றில் நீர் நிரப்பி வைத்தால், ஓராண்டில் ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் ஆவியாகிவிடும். விழுவது அறுபது சென்டிமீட்டர். வானம் திரும்பக் கேட்பதோ நூற்றைம்பது! நமது 74 டி.எம்.சி. கணக்கில் பெரும்பங்கு போன வழி இதுதான். மழையின் பெரும்பகுதி மண்ணிலிருந்தும், பயிர்களின் இலை வழியாகவும் வானத்துக்கே திரும்பிவிடுகிறது.

மலையிலிருந்து சமவெளிக்கு

நொய்யலுக்கு இன்ன இடத்தில் பிறப்பு என்று ஒரு கல்லை நட்டுக் காட்ட முடியாது. மலையில் பல ஓடைகள் தோன்றுகின்றன. பெரியாறு, சின்னாறு, நீலியாறு என்பன அவற்றில் சில. கோவைக் குற்றாலம் என்று மக்கள் அழைக்கும் அருவியும் இந்நீர்தான். ஓடைகள் ஒன்றுகூடும் இடத்துக்குக் கூடுதுறை என்று பெயர். (பவானி நகரிலுள்ள கூடுதுறை வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அதற்குக் கீழேதான் நொய்யல் என்ற பெயர் நிலைக்கிறது. பேரூர்ப் புராணம் இவ்வாற்றைக் காஞ்சிமாநதி என்று குறிப்பிடுகிறது.

இப்போது உயரங்களைப் பாருங்கள். மலை முகடு கடல் மட்டத்துக்கு மேல் 1,700 மீட்டரைத் தாண்டுகிறது. அடிவாரம் ஏறக்குறைய 500 மீட்டர். இந்த 1,200 மீட்டரையும் நீர் இருபது கிலோமீட்டருக்குள் இறங்கிவிடுகிறது. அதாவது கிலோமீட்டருக்கு 60 மீட்டர் அல்லது அதற்கு மேல். அதன்பிறகு காவிரி வரையுள்ள 160 கிலோமீட்டரில் ஆறு இறங்குவது சுமார் 350 மீட்டரே. கிலோமீட்டருக்கு இரண்டு மீட்டர் சொச்சம்தான்.

சரிவு மாறும் இடத்தில் ஆற்றின் குணமும் மாறுகிறது. மலையில் ஆடு அளவுள்ள பாறைகளைக்கூட வெள்ளம் உருட்டிக்கொண்டு வரும். அடிவாரத்தில் வேகம் குறைந்ததும் அவற்றைப் போட்டுவிடுகிறது. பிறகு கூழாங்கல், பிறகு பருமணல், பிறகு நுண்மணல், கடைசியாக வண்டல் என்று கனமானதை முதலிலும் இலேசானதைப் பின்னாலும் இறக்கி வைக்கிறது. கூடுதுறையில் ஒரு கைப்பிடி, பேரூரில் ஒரு கைப்பிடி, சூலூரில் ஒரு கைப்பிடி என்று ஆற்றுப் படுகையிலிருந்து எடுத்து மூன்று பொட்டலங்களை மேசைமேல் பிரித்து வைத்துப் பாருங்கள். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் படிப்பதைவிட நன்றாகப் புரியும்.

மலைச்சரிவில் காடு இருப்பதன் பயனையும் இங்கே சொல்ல வேண்டும். மரங்களின் கீழே மட்கிய இலைகள் தடிமனாகப் பரவிக் கிடக்கின்றன. மழையின் அடியை அவை தாங்கிக்கொள்கின்றன. வேர்கள் மண்ணில் துளையிட்டு வைத்திருக்கின்றன. நீர் உள்ளே இறங்கி, வாரக்கணக்கில் மெல்லக் கசிந்து ஓடைக்கு வருகிறது. மழை நின்ற பிறகும் போளுவாம்பட்டிப் பள்ளத்தாக்கின் ஓடைகளில் நீர் ஓடுவது இதனால்தான். ஆயினும் அந்தக் கசிவு சமவெளியில் வெகுதூரம் தாங்காது. நொய்யல் இயற்கையில் நாட்கணக்கில் ஓடும் ஆறு. மலையில் பெருமழை என்றால் நுரைத்துக்கொண்டு வரும். சில நாட்களில் வடிந்துவிடும்.

நாட்களை மாதங்களாக்கிய குளங்கள்

இப்படிப்பட்ட ஆற்றை நம்பி எப்படி நெல்லும் கரும்பும் வாழையும் பயிரிட்டார்கள்? இதற்கான விடையைப் பழங்காலக் கொங்கு மக்கள் மண்ணிலேயே எழுதி வைத்தார்கள். நொய்யலின் குறுக்கே இருபதுக்கு மேற்பட்ட சிறு அணைக்கட்டுகள் உண்டு. சித்திரைச்சாவடி, குனியமுத்தூர், கோயம்புத்தூர், குறிச்சி, வெள்ளலூர், சிங்காநல்லூர் என்று அவை ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்துள்ளன. இவற்றில் பல கொங்குச் சோழர் காலத்தவை என்று கருதப்படுகின்றன.

இந்த அணைக்கட்டுகள் மேட்டூரைப்போல நீரைத் தேக்கி வைப்பதில்லை. இடுப்பளவோ ஆளுயரமோ உள்ள தடுப்பு, நீர்மட்டத்தைச் சற்று உயர்த்தி, அதில் ஒரு பங்கை வாய்க்காலுக்குத் திருப்பிவிடும். மிச்சம் தடுப்பின்மேல் வழிந்து அடுத்த ஊருக்குப் போகும். வாய்க்கால் குளத்தை நிரப்பும். குளம் நிரம்பியதும் கலங்கல் வழியே வழிந்து அடுத்த குளத்துக்குப் போகும். சித்திரைச்சாவடி வாய்க்காலில் வந்த நீர் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, குமாரசாமி குளம் என்று படிப்படியாக இறங்கியது. உக்கடம் பெரியகுளமும் வாலாங்குளமும் அப்படிப்பட்ட வரிசையில் சேர்ந்தவையே. பேருந்திலிருந்து பார்க்கும்போது அவை தனித்தனிக் குளங்களாகத் தோன்றும். உண்மையில் அவை ஒரே இயந்திரத்தின் உறுப்புகள்.

மதகைத் திறந்து பாசனம் செய்தது குளத்தின் ஒரு வேலை. அதைவிட முக்கியமான வேலையைக் கண்ணால் பார்க்க முடியாது. கோவை வட்டாரத்தின் அடியில் இருப்பது கடினமான பாறை. மணற்கல்லைப்போல அது நீரைக் குடிக்காது. மேலே சில மீட்டர் ஆழத்துக்கு உளுத்த பாறை. அதற்குக் கீழே விரிசல்கள். நிலத்தடி நீர் தங்குவது இவ்விரண்டில் மட்டுமே. பாறையில் நீர் மெதுவாகத்தான் இறங்கும். இரண்டு மணி நேரம் கொட்டிவிட்டு ஓடும் வெள்ளத்துக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. குளத்தில் மூன்று நான்கு மாதம் நின்ற நீருக்கு அந்தப் பொறுமை உண்டு. குளம் நிரம்பினால் சுற்றிலும் உள்ள கிணறுகளில் நீர் ஊறும். கவலை பூட்டித் தோல் சாலில் நீர் இறைத்த காலத்தில் ஒரு சோடி மாடு எவ்வளவு இறைக்குமோ, அவ்வளவுதான் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். குளம் கொடுப்பதும் கிணறு எடுப்பதும் ஏறத்தாழச் சரியாக இருந்தன.

பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியபின் கொங்கு நாட்டில் மின்சாரம் பரவியது. ஆலைகள் பெருகின, கிணறுகளில் மின்மோட்டார்கள் வந்தன. மாடு களைத்துப் போகும், மோட்டார் களைப்பதில்லை. கிணறுகளை ஆழப்படுத்தினார்கள், பிறகு ஆழ்துளைக் கிணறு வந்தது. இன்று சில இடங்களில் ஆயிரம் அடிக்குக் கீழேயும் துளையிடுகிறார்கள். அந்த ஆழத்தில் பாறை விரிசல்கள் அரிதாகிவிடுகின்றன. அங்குள்ள நீர் நேற்றைய மழை அன்று. எடுத்த அளவுக்கு அது விரைவில் திரும்பி ஊறாது.

மலையைத் துளைத்து வந்த நீர்

நாம் தொடக்கத்தில் பார்த்த இரண்டாவது துளியை நினைவிருக்கிறதா? அது முகட்டின் மறுபக்கம் விழுந்து பவானிக்குப் போயிற்று. வளரும் கோவை நகருக்குக் குடிநீர் தேவைப்பட்டபோது, பொறியாளர்கள் அந்தத் துளியையே வழிமறித்தார்கள். மலையைக் குடைந்து சுரங்கம் அமைத்து, 1930-களின் தொடக்கத்திலிருந்து சிறுவாணி நீரைக் கிழக்கே கொண்டுவந்தார்கள். இன்றுள்ள பெரிய அணை 1980-களில் கட்டப்பட்டது. ஆற்றல் மிக்க நீர்பிரி முகட்டை ஒரு துளை வென்றுவிட்டது! பின்னர் பில்லூரிலிருந்தும் பவானியிலிருந்தும் கோவைக்கும் திருப்பூருக்கும் குழாய்கள் வந்தன.

இதில் ஒரு விந்தை உண்டு. வெளியிலிருந்து வந்த அந்நீரைக் குடித்து, குளித்து, துவைத்தபின் அது எங்கே போகும்? நகரம் நொய்யல் வடிநிலத்துக்குள் இருக்கிறதே. சாக்கடை வழியாக அது நொய்யலுக்குத்தான் வந்து சேரும். சங்கனூர்ப் பள்ளம் போன்ற ஓடைகள் இன்று கோடையிலும் வற்றாமல் ஓடுவதன் இரகசியம் இதுதான். (மழைநீர் ஓடும் சிற்றோடையைக் கொங்கு நாட்டில் 'பள்ளம்' என்பார்கள்.) மேட்டில் வறண்டும் நகருக்குக் கீழே நீரோடும் இருக்கும் ஆற்றைப் பார்த்து, 'ஆறு பிழைத்துவிட்டது' என்று எண்ணிவிடக் கூடாது.

உப்பு போகும் இடம்

திருப்பூருக்கு வருவோம். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும்போது உப்பு சேர்க்கிறார்கள். ஏன் தெரியுமா? நீரில் நனைந்த பருத்தி இழை எதிர்மின் தன்மை பெறுகிறது. சாயத்தின் மூலக்கூறும் எதிர்மின் தன்மை உடையது. ஒத்த மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. உப்பு கரைந்து தரும் சோடியம் அயனிகள் இடையில் நின்று இந்தத் தள்ளுதலைக் குறைக்கின்றன; சாயம் இழையை அணுகிப் பற்றிக்கொள்கிறது. துணியில் நிற்பது சாயம் மட்டுமே. போட்ட உப்பு அத்தனையும் கழிவுநீரோடு வெளியேறும்.

சாயத்தின் நிறத்தை நீக்குவது ஓரளவு எளிது. கரைந்த உப்பை நீக்குவது கடினம். வடிகட்டித் துணியில் அது நிற்காது. நுண்ணுயிர்களும் அதைத் தின்னா. வீட்டில் ஒரு கிண்ணத்தில் உப்புநீரை வெயிலில் வைத்துப் பாருங்கள். நீர் போய்விடும், உப்பு அடியில் நிற்கும். ஒன்றரை மீட்டர் நீரை ஆவியாக்கும் வானத்தின் கீழே திருப்பூர்க் கழிவுநீருக்கும் இதுவே நடந்தது.

திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் 1990-களின் தொடக்கத்தில் ஓர் அணை கட்டப்பட்டது. ஈரோடு, கரூர்ப் பகுதி நிலங்களுக்கு மழை வெள்ளத்தைச் சேமித்துக் கொடுப்பதே அதன் நோக்கம். ஆனால் மேலிருந்து வந்ததில் சாயக் கழிவுநீர் மிகுதியாக இருந்தது. அணை தன் வேலையைச் சரியாகவே செய்தது, வந்ததைத் தேக்கியது. நீர் ஆவியாகி உப்பு செறிந்தது. பாசனத்துக்குத் திறந்துவிட்டால் பயிர் கெட்டது. தேக்கி வைத்தால் சுற்றியுள்ள கிணறுகள் உப்பாயின. எந்த அணை வேண்டும் என்று உழவர்கள் கேட்டிருப்பார்களோ, அதே அணையிலிருந்து நீர் விடாதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. உலகில் வேறெங்கும் இப்படி ஒரு கோரிக்கை எழுந்திருக்குமா என்று வியக்கத் தோன்றுகிறது.

கீழ்ப்பகுதி விவசாயிகள் நீதிமன்றம் சென்றார்கள். கழிவுநீரில் ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத முறையைக் கைக்கொள்ளாத சாய ஆலைகளை மூட வேண்டும் என்று 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. நூற்றுக்கணக்கான ஆலைகள் நின்றன. பல ஆயிரம் பேர் வேலை இழந்தார்கள். அதன்பிறகு சவ்வுகள் வழியே அழுத்தத்தால் நீரைப் பிரிக்கும் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையும், எஞ்சிய உப்புக் கரைசலைக் காய்ச்சி வற்றவைக்கும் கலன்களும் பெருமளவில் வந்தன. பிரித்த நீரையும் உப்பின் ஒரு பகுதியையும் ஆலைகள் மீண்டும் பயன்படுத்துகின்றன. இதற்கு ஆகும் மின்சாரச் செலவு மிக அதிகம். ஒரு பனியனின் உண்மையான விலையில் இதுவும் சேர்த்தி என்பது என் கருத்து.

மண்ணிலும் பாறை விரிசலிலும் ஏற்கெனவே இறங்கிய உப்பை எடுக்க இயந்திரம் இல்லை. நல்ல மழைநீர் மேலிருந்து இறங்கி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவ வேண்டும். அதற்கு வேண்டியவை நிரம்பிய குளங்கள்தாம். 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவினாசித் திட்டம், பவானியின் உபரி நீரைக் காளிங்கராயன் அணைக்கட்டுப் பகுதியிலிருந்து இறைத்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களிலுள்ள 1,045 குளம் குட்டைகளுக்கு அனுப்புகிறது. அதே மாதத்தில் திருப்பூரின் நஞ்சராயன் குளம் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அக்குளம் அமைந்திருப்பது நொய்யலில் சேரும் நல்லாற்றின் வழியில்.

நீங்களே வரையலாம்

இந்திய நில அளவைத் துறையின் தேசப்படங்களில் சம உயரக் கோடுகள் வரையப்பட்டிருக்கும். உங்கள் பள்ளி நூலகத்திலோ புவியியல் ஆசிரியரிடமோ கேளுங்கள். பென்சிலை வெள்ளியங்கிரி முகட்டில் வையுங்கள். ஒரே ஒரு விதிதான்: எந்த இடத்திலும் ஓர் ஓடையைக்கூடக் கடக்காமல், உயர்ந்த இடங்கள் வழியாகவே பென்சில் செல்ல வேண்டும். வடக்கே குருடி மலைப் பக்கம் போகும்போது, அங்கே தோன்றும் கௌசிகா நதியைக் கோட்டுக்கு உள்ளே விட மறவாதீர்கள். அது நொய்யலின் துணையாறு. தெற்கே பல்லடம் மேட்டில் கொஞ்சம் திண்டாடுவீர்கள். அங்கே நிலம் ஏறக்குறைய சமமாக இருப்பதால், ஒரு வயலின் நீர் நொய்யலுக்கும் பக்கத்து வயலின் நீர் அமராவதிக்கும் போகலாம். மழை பெய்யும்போது நேரில் சென்று பார்ப்பதே அங்கு வழி.

கோடு முடிந்ததும் உங்கள் பள்ளியைப் படத்தில் தேடுங்கள். காரமடையில் படிப்பவர்களின் பள்ளிக் கூரையில் விழும் மழை பவானிக்குப் போகும். சூலூர் மாணவர்களுடையது நொய்யலுக்கு. பொள்ளாச்சி மாணவர்கள் மட்டும் சற்று வியப்படைவார்கள். அவர்கள் கூரைநீர் ஆழியாற்றில் இறங்கிப் பாரதப்புழைக்குப் போய், நாம் முதலில் பார்த்த அந்த மூன்றாவது துளியோடு பொன்னானியில் கடலைச் சேரும்.